ஓரடி வீரனின் முதுகுத் துணி

நவம்பர் 17, திங்கள். விடாத மழை.

கொரட்டூர் வாழ் பெருமக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது யாதெனில், இன்று காலை ஆறே முக்கால் மணியளவில் எனது இடது கால் செருப்பு வாசற்படியை விட்டுப் புறப்பட்டு, தெருத் தண்ணீரில் மிதந்து, இரண்டு வீடு தாண்டி ஒரு ஸ்கூட்டர் சக்கரத்தில் கரை ஒதுங்கியது. உயிர்ச்சேதம் இல்லை. வார் மட்டும் காயம். வலது கால் செருப்பு துக்கம் அனுஷ்டிக்கிறது.

பக்கத்து மாவட்டத்துக்கு லீவு. எங்களுக்கு இல்லை. மாவட்ட எல்லை எது என்று மேகத்துக்குத் தெரியும் போல.

பள்ளிக்கூடத்தில் விசேஷம். கம்ப்யூட்டர் சயின்ஸ் சார் குறும்படம் எடுக்கச் சொல்லியிருக்கிறார். ஐந்து நிமிடம், சூப்பர் ஹீரோ கதை, ஃபோனில் எடுத்தால் போதும். பிளஸ் ஒன்னிலிருந்து ஒரே ஒரு படம்தான் சனிக்கிழமை விழாவில் பெரிய திரையில் ஓடும். அந்த ஒன்று என்னுடையது. இதில் விவாதத்துக்கு இடமில்லை.

சார் எதையும் கட்டம் போட்டுத்தான் சொல்வார். சாப்பாட்டு மணியைக்கூடக் கட்டத்துக்குள் எழுதுவார். அதனால் கட்டம் சார் (பெயர் உபயம்: நான்). இன்று எல்லாருக்கும் ஒரு தாள் கொடுத்தார். ஏழு கட்டம். ஏழும் நிரம்பினால்தான் அது சூப்பர் ஹீரோ படமாம். நான் நிரப்பிக் கொடுத்தது:

1. சக்தி எப்படி வந்தது? – தெரியாது. எங்கள் தெருவில் தண்ணீர் ஏன் நிற்கிறது என்று யாராவது ஃப்ளாஷ்பேக் சொல்கிறார்களா?
2. பெரிய இழப்பு (அப்பா / அம்மா மரணம்) – கிடையாது.
3. குரு – வேண்டாம். இருக்கிற வாத்தியார்களே போதும்.
4. உடை – முதுகில் சிவப்புத் துணி. ஜட்டி உள்ளேதான்.
5. வில்லன் – தண்ணீர்.
6. கடைசிச் சண்டை – தண்ணீரை அடித்தால் நமக்குத்தான் நனையும். ஆகவே இல்லை.
7. கருத்து – செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கவும்.

கடைசி பீரியடில் லேபுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். கதை என்ன என்றார். சொன்னேன். படத்தின் பெயர் 'ஓரடி வீரன்'. அவனால் பறக்க முடியும், ஆனால் ஓரடி உயரத்துக்கு மட்டும். ஓரடி பறந்து என்ன கிழிப்பான் என்று கேட்டார். எங்கள் தெருவுக்கு அது போதும் என்றேன். பால் பாக்கெட் கொண்டுவருவான், மிதக்கிற செருப்பை மீட்டுக் கொடுப்பான். கடைசியில் தண்ணீர் ஒன்றரை அடி ஏறிவிடும். வீரனின் கணுக்கால் நனையும். இறங்கி எல்லாரோடும் நடப்பான். முடிவு.

தோற்றுவிட்டானே என்றார் சார். நடக்கிறான் சார் என்றேன்.

மற்ற கட்டங்களைக்கூட விட்டுவிட்டார். இரண்டாவது கட்டத்தை மட்டும் விடவில்லை. "இழப்பு இல்லாம அவன் எதுக்குடா அடுத்தவனுக்கு உதவி பண்ணுவான்? அப்பா செத்துட்டார்னு ஒரு நிமிஷம் ஃப்ளாஷ்பேக் வை. அப்பதான் ஆடியன்ஸ் அவன்கூட வருவாங்க."

"அப்பா உயிரோட இருக்கறவன் பால் வாங்கிக் கொடுக்க மாட்டானா சார்?" என்றேன். லேபில் இருந்த பையன்கள் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை.

உண்மைக் காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதலாம். ஓரடி வீரனாக நடிப்பது முரளி. எல்.கே.ஜி.யிலிருந்து கூட்டாளி, மூன்று வீடு தள்ளி. அவன் அப்பா இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். போன வருடம் இதே மழையில், இதே நவம்பரில், நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து அவன் எதிரில் நாங்கள் யாரும் 'அப்பா' என்ற வார்த்தையையே எடுப்பதில்லை. யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, தானாக அப்படி ஆகிவிட்டது. அவனைப் போய் மாலை போட்ட படத்துக்கு முன்னால் அழச் சொல்லி ஆக்‌ஷன் என்று கத்துவேனா? கட்டம் சார் என்ன, கட்டடமே வந்து கேட்டாலும் முடியாது.

நவம்பர் 18, செவ்வாய். தூறல், நடுவில் வெயில், மறுபடி தூறல்.

இன்று உடை இலாகா. முதுகுத் துணிக்கு ஆராய்ச்சி:
அம்மாவின் சிவப்புப் புடவை – தொட்டால் கொலை.
சிவப்புப் போர்வை – நனைந்தால் வீரன் ஓரடி கீழே போவான்.
ஃப்ளெக்ஸ் – நனையாது, காற்றில் படபடக்கும், இலவசம். தேர்வு.

அப்பாவின் பைக்கை மூடியிருந்த ஃப்ளெக்ஸை எடுத்தேன். இந்தப் பக்கமெல்லாம் எந்த வண்டியைப் பார்த்தாலும் மேலே ஏதாவது பிறந்தநாளோ காதுகுத்தோ கிடக்கும். எங்கள் வீட்டில் எப்போதும் வெள்ளைப் பக்கம் மேலே, அச்சடித்த பக்கம் உள்ளே. மாடிப்படி வளைவில் அப்படியே விரித்து, வெள்ளைப் பக்கத்தில் அளந்து, கத்தரித்து, வாசல் கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த சிவப்புப் பெயின்ட் பூசினேன். மறுபக்கம் யார் என்று திருப்பிப் பார்க்கவில்லை. ஓரத்தில் ஒரு புறா, கொஞ்சம் மேகம் தெரிந்தது. யாரோ ஒருவருக்கு யாரோ ஒருவர் வைத்த பேனர். டைரக்டர் தனக்கு எது தேவையோ அதை மட்டும்தான் பார்க்க வேண்டும்.

முக்கியமான கணக்கு: வீரன் கேமராவைப் பார்த்து வருவான். துணி பின்னால் பறக்கும்போது கேமராவுக்குத் தெரிவது உள்பக்கம், அதாவது முதுகில் ஒட்டுகிற பக்கம். ஆகவே சிவப்பு உள்ளே, அச்சு வெளியே. பின்னால் நிற்பவனுக்கு என்ன கண்றாவி தெரிந்தாலும் நமக்குக் கவலை இல்லை. கேமராவுக்கு முன்னால் இருப்பதுதான் உலகம். (இந்த வரியை மேடையில் சொல்ல வேண்டும். சேமிப்பு.)

பறக்கிற சத்தத்துக்கு அம்மாவின் மிக்ஸியில் காலி ஜாரை ஓட்டிப் பதிவு செய்தேன். "சட்னி அரைக்கச் சொன்னா காத்தையா அரைக்கிற?" என்று அம்மாவின் குரலும் சேர்ந்து பதிவாகிவிட்டது. வெட்ட வேண்டும்.

நவம்பர் 19, புதன். கனமழை, பிறகு தூறல். லீவு!

கடைசியில் எங்கள் மாவட்டத்திலும் மழை பெய்வதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தெருவில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே தண்ணீர். செட் போட எந்தப் பெரிய கம்பெனிக்கும் இவ்வளவு வசதி கிடையாது.

பறக்க வைக்கும் ரகசியம் (யாருக்கும் சொல்லக் கூடாது):
ஷாட் 1. வாசற்படியிலிருந்து பாதம் எம்புகிறது. தண்ணீரில் விழுமுன் வெட்டு.
ஷாட் 2. முழங்காலுக்கு மேலே மட்டும் ஃப்ரேம். வீரன் நிற்பது மூட்டை ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில். வண்டி தெரியாது, ஆடாமல் வழுக்கிக்கொண்டு வருவான்.
ஷாட் 3. தண்ணீரில் மிதக்கும் செருப்பு (என் இடது கால், இரட்டை வேடம்). அதன்மேல் ஒரு நிழல் போகிறது.
மூன்றையும் ஒட்டினால் பறக்கிறான். நடுவில் இருப்பதைப் பார்ப்பவன் மூளையே போட்டுக்கொள்ளும். சம்பளம் வாங்காத உதவி இயக்குநர்.

வண்டி ஏழுமலை அண்ணனுடையது. தெருமுனைக் கடையில் சிமெண்டு மூட்டை ஏற்றுபவர், மழையில் சும்மா இருந்தார். பின்னாலிருந்து தள்ள ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை: "என் மூஞ்சி வரணும் நைனா." வராது, நீங்கள் வீரனுக்குப் பின்னால் குனிந்திருப்பீர்கள் என்றேன். "அப்ப இன்னாத்துக்கு நான் சவரம் பண்ணிகினு வந்தேன்?" என்று கோபித்துக்கொண்டார். கைலியைச் சரிசெய்து கட்டிக்கொண்டு தள்ளவும் வந்தார்.

நான் தெருவின் இந்தக் கோடியில் ஸ்டூல் மேல். முரளி அந்தக் கோடியில் வண்டியில். சுருட்டி வைத்திருந்த துணியை ஏழுமலை அண்ணனிடம் கொடுத்தனுப்பி, சிவப்பு முதுகுப் பக்கம் வரட்டும் என்று ஃபோனில் கத்தினேன். டைரக்டர் துணி கட்டிவிட மாட்டான்.

முதல் டேக் அருமை. சிவப்பு பின்னால் விரிய, முரளி நெஞ்சை நிமிர்த்தி வந்தான். போதும், ஓகே என்றேன். அந்தக் கோடியில் இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டு நின்றார்கள். பிறகு முரளியிடமிருந்து ஃபோன்: இன்னொரு டேக் போகலாம். நடிகன் கேட்டால் கொடுக்க வேண்டும். இதற்குள் தூறல். ஃபோனைப் பால் கவருக்குள் போட்டுக்கொண்டு எடுத்தேன். திரையில் ஒரே புகை. குத்துமதிப்பாகப் பிடித்தேன்.

மாலை.

எடிட் பண்ண உட்கார்ந்தேன். இரண்டாவது டேக்.

முரளி வருகிறான். காற்று தூக்குகிறது. துணி விரிகிறது. சிவப்பு இல்லை. மேகம், புறா, வெள்ளைச் சட்டை, மாலை, ஒரு முகம். முரளியின் தோளுக்கு மேலே, அவன் தலையைவிடப் பெரிய தலையாக, அவன் அப்பா. கீழே 'கண்ணீர்' என்று பாதி. மீதியை நான்தான் கத்தரித்தேன்.

ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு நிமிர்த்திப் பார்த்தேன். அவரேதான்.

அப்பாவிடம் போய், பைக் மூடுகிற ஃப்ளெக்ஸ் எங்கிருந்து வந்தது என்று சும்மா கேட்பது போல் கேட்டேன். அப்பா பேப்பரை மடித்தார். முரளியின் அப்பாவுக்குத் தெருப் பையன்கள் வைத்த பேனராம். காரியம் முடிந்து கழற்றும்போது குப்பை வண்டியில் போடப் போனார்கள். "தெனம் காலைல ஒண்ணா டிரெயின் ஏறின மனுஷன்டா. குப்பைல போட மனசு வரல. அதான் எடுத்துகினு வந்தேன். மூஞ்சி மேல காக்கா எச்சம் படக்கூடாதுன்னு கவுத்துப் போட்டிருந்தேன்." பிறகு, ஏன் கேட்கிறாய் என்றார். சும்மா என்றேன்.

காற்றில் துணி முறுக்கித் திரும்பியிருக்க வேண்டும். முரளிக்குத் தெரியாது. முதுகில் இருப்பது அவனுக்கு எப்படித் தெரியும்? கட்டம் இரண்டில் 'கிடையாது' என்று எழுதியவன் நான். இப்போது என் படத்தில் அந்தக் கட்டம் மட்டும்தான் நிரம்பியிருக்கிறது.

அந்த ஷாட்டைத் தூக்கிவிட வேண்டும். முதல் டேக் இருக்கிறது. சிவப்பு, சுத்தம், பிரச்சினை இல்லை.

இரண்டாவது டேக்தான் நன்றாக இருக்கிறது. அதுதான் கோபமாக வருகிறது.

நவம்பர் 20, வியாழன். மேகமூட்டம். தண்ணீர் நான்கு விரல் வடிந்திருக்கிறது.

தூக்கவில்லை. தூக்கத்தான் இருந்தேன். இன்டர்வெலில் கட்டம் சார் லேபுக்குக் கூப்பிட்டு, எடுத்தவரைக்கும் காட்டு என்று ஃபோனை வாங்கிக்கொண்டார். அந்த இடம் வந்ததும் நிறுத்தினார். பின்னால் தள்ளி மறுபடி பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். சார் கண்ணாடியைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை.

"ஒரு வார்த்தை வசனம் இல்லாம இழப்பை முதுகுல ஏத்திட்டியேடா" என்றார். ஃப்ளாஷ்பேக் கேட்டேன், நீ அதைத் துணியாகவே கட்டிவிட்டாய் என்றார். அவன் அப்பா காற்று மாதிரி அவனைத் தள்ளிக்கொண்டு வருகிறாராம். திட்டம் போட்டுச் செய்ததா என்று கேட்டார்.

<u>ஆமாம் சார், திட்டமிட்டே செய்தேன்</u> என்றேன்.

அடிக்கோடு போட்டிருக்கிறேன். பெரிய இயக்குநர்களுக்குத் தானாக வரும், பிறகு அதைத் திட்டம் என்பார்கள். அவ்வளவுதான். வெட்கப்பட ஒன்றுமில்லை.

என் படம்தான் தேர்வு. ஆனால் சார் இரண்டு மாற்றம் சொல்கிறார்: அந்த இடத்தில் முரளியின் அப்பா முகத்துக்கு ஜூம் போக வேண்டும், பின்னால் அழுகை ஷெனாய் வர வேண்டும். யோசிக்கிறேன் என்று வந்துவிட்டேன்.

முரளி சாப்பாட்டு நேரத்தில் எடிட் முடிந்ததா என்று கேட்டான். சார்ஜ் இல்லை என்றேன். 78 சதவீதம் இருந்தது.

நவம்பர் 21, வெள்ளி. வெயில். துணிகள் எல்லார் வீட்டு மாடியிலும்.

ஸ்டாஃப் ரூம் போர். சார் தன் லேப்டாப்பில் ஷெனாயைத் தயாராக வைத்திருந்தார். போட்டும் காட்டினார். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து சேர் மடிக்கும்போது வரும் சத்தம்.

முடியாது என்றேன். ஜூம் கிடையாது, ஷெனாய் கிடையாது. அந்த முகம் அரை நொடிதான் வரும், காற்று காட்டுகிற அளவுதான் காட்டலாம். மிக்ஸி சத்தம் மட்டும். பார்க்கிறவன் பார்க்கட்டும், தவறவிடுகிறவன் தவறவிடட்டும். சார் விட்டுக்கொடுக்கவில்லை. "ஆடியன்ஸ் அழணும்டா. அழலைன்னா அது எதுக்கு?"

"சார், அது செட் பிராப்பர்ட்டி இல்ல. அவன் அப்பா. அவரை வெச்சு யாரையும் அழ வைக்க முடியாது."

அப்படியானால் படம் ஓடாது என்றார். ஓட வேண்டாம் சார், நடக்கட்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். திரும்பிப் பார்க்கவே இல்லை.

அடுத்து முரளி. பள்ளிக்கூடம் விட்டு, ஸ்டேஷன் பிளாட்பாரக் கடைசி பெஞ்சு. ஆவடி வண்டி போனதும் ஃபோனைக் கையில் கொடுத்தேன். பார்த்தான். மறுபடி பார்த்தான். நான் எல்லாவற்றையும் கொட்டினேன்: பைக், ஃப்ளெக்ஸ், திருப்பிப் பார்க்காதது, பெயின்ட். கத்தரிக்கோல் அவர் தோளுக்குப் பக்கத்தில் போனதையும்.

"தெரியும்டா" என்றான்.

என்ன தெரியும் என்றேன்.

"மொத டேக் முடிஞ்சதும் ஏழுமலை அண்ணன்தான் சொல்லிச்சு. 'இன்னாடா, உங்கப்பன முதுவுல மாட்டிகினு கீற'ன்னு. கயட்டிப் பாத்தேன். கேமராவுக்கு எந்தப் பக்கம் தெரியும்னு நீதான் நூறு தபா சொன்னியே. திருப்பிக் கட்டிகினு ஒன் மோர் கேட்டேன்."

என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொன்னா வேணாம்னு இருப்ப. பாவம் பாத்திருப்ப. ஒரு வருசமா எல்லாரும் அதத்தான பண்ணிகினு கீறீங்க. என் எதிர்ல எவனும் அப்பான்ற வார்த்தையே எடுக்கறதில்ல. உங்கப்பா திட்டுனாரு, எங்கப்பா அடிச்சாருன்னு பேசிகினே இருப்பீங்க, நான் வந்தா கிரிக்கெட்டு. எங்கப்பா செத்துத்தான் போனாரு மச்சான். கெட்ட வார்த்தையா ஆயிட்டாரு?"

பெஞ்சில் யாரோ கீறி வைத்த பெயரை நகத்தால் சுரண்டினேன்.

வண்டி ஒன்று நிற்காமல் போனது. பிறகு அவனே கேட்டான், அந்த ஷாட்டில் தன் வயிறு உள்ளே இருக்கிறதா என்று. இருக்கிறது என்றேன். அப்பா போட்டோவில் சிரிக்கிற மாதிரி இருக்கிறது இல்லையா என்றான். பல் டாக்டர் விளம்பரம் மாதிரி சிரிக்கிறார் என்றேன். ஒரு வருடத்தில் அவரைப் பற்றி நான் அவனிடம் சொன்ன முதல் வாக்கியம் இது. முதுகில் ஒரு அறை விட்டான். வலித்தது.

சார் சேர்க்கச் சொன்ன ஷெனாய் பற்றியும் சொன்னேன். எழுந்து பள்ளிக்கூடப் பக்கம் போனான்.

ஏழு மணிக்கு சாரிடமிருந்து மெசேஜ்: 'இசை வேண்டாம். ஜூம் வேண்டாம். அப்படியே அனுப்பு.' முரளி அவரிடம் என்ன சொன்னான் என்று இதுவரை தெரியாது. கேட்டதற்கு, "வீரன்டா நானு" என்கிறான்.

நவம்பர் 22, சனி. மழை இல்லை. பைக் மூட ஒன்றும் இல்லை என்று அப்பா காலையிலிருந்து முணுமுணுப்பு.

படம் ஓடியது. செருப்பு வந்த இடத்தில் கைதட்டல். அந்த ஷாட்டில் ஹாலில் மிக்ஸி சத்தம் மட்டும். ஒரு பையன் 'யாரு அது' என்று கேட்டான், யாரோ 'அவங்கப்பா' என்றார்கள். சத்தமாகவே. முரளி இரண்டாவது வரிசையில் அவன் அம்மாவோடு உட்கார்ந்திருந்தான். ஏழுமலை அண்ணன் கடைசி வரிசையில், மறுபடி சவரம் செய்துகொண்டு. வீரன் நனைந்து இறங்கி நடந்தபோது அவர்தான் முதலில் விசிலடித்தார்.

பிறகு கட்டம் சார் என்னை மேடைக்குக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தார். அந்த ஷாட் எப்படித் தோன்றியது, மாணவர்களுக்குச் சொல் என்றார். மூன்று நாளாகப் பதில் தயார். 'கேமராவுக்கு முன்னால் இருப்பதுதான் உலகம்' என்று ஆரம்பிக்க வேண்டும்.

"எனக்குத் தோணலை சார்" என்றேன். "ஃபோன் பால் கவருக்குள்ள இருந்துச்சு. எனக்கு ஒண்ணும் தெரியலை. அது முரளி பண்ணது."

ஹால் சிரித்தது. முரளிதான் அதிகம் சிரித்தான்.

இறங்கியதும் அவன் அம்மா என்னிடம் அந்தத் துணி எங்கே என்று கேட்டார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கத்தரித்த ஓரத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார். திட்டவில்லை. முகம் உள்பக்கமாக வரும்படி மடித்து எடுத்துக்கொண்டார்.

திருத்தங்கள். வியாழக்கிழமை அடிக்கோடு: பேனாவில் போட்டது, அழியவில்லை. வெள்ளிக்கிழமை ஸ்டாஃப் ரூமிலிருந்து திரும்பிப் பார்க்காமல் வந்தேன் என்பது: பார்த்தேன். இரண்டு தடவை. சார் கூப்பிடுவாரா என்று.

இன்னொன்று. புதன்கிழமை அந்தத் தெரு முழுக்க முரளியின் அப்பாவைப் பார்த்திருக்கிறது. வண்டி தள்ளியவர், ஜன்னலில் நின்றவர்கள், துணியைத் திருப்பிக் கட்டியவன். பார்க்காமல் நின்றது ஸ்டூல் மேல் இருந்த ஒருத்தன்தான். கேமரா அவன் கையில் இருந்தது.